நடுச்செடியைப் பிடுங்கிய காக்கா

மொட்டை மாடியில் பறவைகள் தண்ணீர் குடிக்க வைத்திருந்த சிமெண்ட் தொட்டி விரிசல் விட்டு ஒழுக ஆரம்பித்தது. தூக்கிப் போட மனசில்லை. மண்ணும் மணலும் கலந்து கொட்டி, செவிலிமேடு நர்சரியில் பேத்தி வாங்கித் தந்த சக்குலன்ட் செடிகளை நேற்று நட்டேன். தடித்த இலைகளோடு குட்டித் தாமரை போல இருந்தன. இந்தக் குழுவில் படம் போட்டதும் நீங்கள் எல்லாரும் பாராட்டினீர்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இன்று காலை மாடிக்குப் போனால், ஒரு காக்கா நடுச்செடியைப் பிடுங்கி வெளியே போட்டுக்கொண்டிருந்தது.

விரட்டக் கையை ஓங்கினேன். கீழே தறியை விட்டு எழுந்து வந்த என் வீட்டுக்காரர் தடுத்தார்.

"அடிக்காதம்மா. எங்கம்மாவா இருக்கப்போவுது. தெனமும் தண்ணி குடிக்க வந்துக்கினு இருந்த எடத்துல நீ மண்ணக் கொட்டி வச்சிருக்கிற."

"உங்கம்மாவேதாங்க. நான் எத எங்க வச்சாலும் எடுத்து வேற எடத்துல வைக்கிறது அவங்கதான்."

அவர் சிரிக்கவில்லை. கீழே போய் ஒரு மண்சட்டி நிறையத் தண்ணீர் கொண்டுவந்து தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். நானும் செடியை மறுபடி நட்டேன்.

காக்கா திரும்பி வந்தது. வயிறு முட்டத் தண்ணீர் குடித்தது. பிறகு நிதானமாக நடந்துபோய் அதே செடியைப் பிடுங்கி, சட்டித் தண்ணீருக்குள் போட்டது.

"பாத்தியா, செடிக்குத் தண்ணி ஊத்தலன்னு எங்கம்மா சொல்லிக்காட்டுது" என்றார் பெருமையாக.

இந்தச் செடிக்குத் தண்ணீர் அதிகமானால் அழுகிவிடும். அதை நான் யாரிடம் சொல்வது?

மாமியாரை எதிர்த்துப் பேசி ஜெயித்தவர்கள் யாராவது இருந்தால், எப்படி என்று கீழே எழுதுங்கள். செடியைத் துடைத்து வெயிலில் வைத்துவிட்டுக் காவல் காக்கிறேன்.