என் நாற்காலியில் என் தங்கை

புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் எங்கள் கம்பெனியில் யாரும் லீவு போட மாட்டோம். காய்ச்சல் வந்தால் மாத்திரை. சொந்தத்தில் கல்யாணம் என்றால் தாலி கட்டியதும் பந்தியில்கூட உட்காராமல் பஸ் பிடிப்போம். சூப்பர்வைசர் கெடுபிடியானவர் என்று நினைத்துவிடாதீர்கள். பாவம், சாது மனிதர். காலையில் கேட்டுக்கு வெளியே ஃபைலும் கையுமாக நிற்கிறார்களே, என்னைப் போலவே எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர்கள், அவர்களுக்குப் பயந்துதான். திரும்பிய பக்கமெல்லாம் கல்லூரி திறந்தார்கள். நாங்களும் வீட்டுக்கு வீடு இன்ஜினீயர் ஆகித் தொலைத்தோம்.

இன்வெர்ட்டருக்குள் போகும் போர்டுகளைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை. சாப்பிடப் போனாலும் என் நாற்காலியைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பேன், வேறு யாராவது உட்கார்ந்துவிட்டார்களா என்று.

அந்தப் பயத்தில்தான் வயிற்றுவலியை மறைத்தேன். கடைசியில் வேலை செய்யும் இடத்திலேயே சுருண்டு விழுந்தேன். குடல்வால் என்று சொல்லி ஆஸ்பத்திரியில் அறுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்ததும் அம்மா, "ரொம்ப வலிக்குதாடி?" என்று கேட்டாள். நான், "கம்பெனிலேர்ந்து யாராச்சும் பேசினாங்களா?" என்று கேட்டேன்.

அந்தப் படுக்கையில்தான் எனக்கு அந்த மகா யோசனை உதித்தது. என் தங்கையும் அதே படிப்புதான். எனக்கு வேலை கிடைத்ததைப் பார்த்துச் சேர்ந்தவள். முடித்துவிட்டுத் தவளக்குப்பத்தில் ஒரு செல்போன் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். நான் தேறும்வரை அவளை அனுப்பினால் வெளியாள் நுழைய முடியாதே? பஸ்ஸில் துண்டைப் போட்டு இடம் பிடிப்பது போலத் தங்கையைப் போட்டு வைத்தேன். சூப்பர்வைசரும் சரியென்றார்.

முதலில் நிமிடத்துக்கொரு தரம் போன் செய்தாள். "க்கா, சிவப்பு லைட்டு எரிஞ்சா என்னா பண்றது?" படுத்துக்கொண்டே சொல்லிக்கொடுத்தேன். போகப் போகச் சந்தேகம் கேட்பதை நிறுத்திவிட்டாள். நானே போன் போட்டு, "சந்தேகம் ஒண்ணும் இல்லியாடி?" என்று கேட்க ஆரம்பித்தேன்.

தையல் ஆறி நான் போய் நின்றபோது சூப்பர்வைசர் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"ஒந் தங்கச்சியும் நல்லாத்தாம்மா செய்யுது. ஒஞ் சம்பளத்துல பாதிதான் வாங்குது. இனிமே அந்த எடத்துக்கு அதுதான் சம்பளம்னுட்டாங்க மேல. ரெண்டு பேர்ல யாரு வேணா வாங்க."

வீட்டுக்கு வந்ததும் அவளிடம் எரிந்து விழுந்தேன். "பாதிக்கு ஏன்டி ஒத்துக்கிட்ட?"

"எவ்ளோ வேணும்னு கேட்டாங்க. குடுக்கறத குடுங்கன்னேன். வேற என்னாக்கா சொல்றது? அதுவே கடையில தர்றத விட ஜாஸ்தி."

அவள் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

"நீயே போக்கா. ஒன் வேலதான அது" என்று அவளே விட்டுக்கொடுத்தாள். பாதிச் சம்பளத்துக்கு நான் கிளம்பினேன். வெயிட் தூக்கக் கூடாது என்று என் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை வந்தாள். பஸ் வந்ததும் பையைக் கொடுத்துவிட்டு, "அங்க இன்னும் ஆளு எடுத்தாங்கன்னா எனக்குச் சொல்லுக்கா" என்றாள்.

"சொல்றேன்டி" என்றேன்.

சொல்ல மாட்டேன். அடுத்த தடவை அவள் கால் பங்குக்கும் சரி என்பாள். எனக்கு இப்போது என் தங்கையைக் கண்டால்தான் பயம்.