கட்டம் இல்லாத பெயர்

வூஹானில் அகராதிகள் போடும் பதிப்பகம் ஒன்றில் இருபத்தாறு வருடமாக மெய்ப்புத் திருத்துகிறவர் ஷி லான்யு. மேசைமேல் ஓர் இரும்பு அளவுகோல், வெந்நீர்க் குவளை. பிழை கண்ணில் பட்டால் மிளகாயைக் கடித்தவர் மாதிரி ஆகிவிடுவார் என்று அலுவலகத்தில் கேலி உண்டு. அடுத்த அறையில் அவர் கணவர் ருவான் வெய்மின், பள்ளிப் பிள்ளைகளுக்கான ஆங்கில அகராதியைத் தொகுத்துக்கொண்டிருந்தார்.

'டிசர்வ்' என்ற ஒரு சொல்லுக்கே ருவான் பதினோரு நாள் எடுத்துக்கொண்டார். பழைய அகராதிகள் 'பெறத் தகுதியுள்ள' என்று ஒரே வரியில் முடித்திருந்தன. அதைப் படித்த பிள்ளைகள் பரிசு வாங்கியவனைப் பற்றி மட்டுமே எழுதினார்கள். 'கிடைத்ததா என்று இந்தச் சொல் சொல்லாது. கிடைத்திருக்க வேண்டும் என்றே சொல்லும்' என்று குறிப்பு எழுதினார் ருவான். உதாரணத்துக்கு ஒரு வாக்கியம்: அவளுக்கு ஓய்வு உரியது. யாரை நினைத்து எழுதினார் என்று லான்யு கேட்கவில்லை. அந்தக் குளிர்காலமே நுரையீரல் நோயில் ருவான் போய்விட்டார்.

ஒரு வருடம் கழித்துத் தொகுப்பாளர் பட்டியல் மெய்ப்புக்கு வந்தது. இறந்தவர் பெயரைக் கறுப்புக் கட்டத்துக்குள் போடுவதுதான் மரியாதை. ருவானின் பெயரைச் சுற்றி லான்யு அளவுகோல் வைத்துத் தானே கட்டம் போட்டு அனுப்பினார். அச்சான புத்தகத்தில் பெயர் இருந்தது, கட்டம் இல்லை.

பதிப்பக இயக்குநர் ஃபாங்கிடம் போய்க் கேட்டார். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு வாங்கித் தரும் புத்தகத்தில், முதல் பக்கத்திலேயே சாவு இருந்தால் யார் வாங்குவார்கள் என்றார் அவர். பெயர்தான் இருக்கிறதே, போதாதா என்றும் கேட்டார். லான்யு பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினார்.

நிலாப் பண்டிகைக்கு நான்கு நாள் முன்னால் வீட்டு வாசலில் ஒரு சிவப்புப் பெட்டி. உள்ளே எட்டு நிலா அப்பங்கள். மேலே ஓர் அட்டை: ருவான் ஆசிரியர் நலமுடன் நீடூழி வாழ்க, தொகுப்பாளர் விருந்துக்கு அவசியம் வருக, இருக்கை ஒதுக்கப்பட்டுள்ளது. அலுவலகத்துக்குப் புதிதாக வந்த பெண் பட்டியலைப் பார்த்து வரிசையாக அனுப்பியிருக்கிறாள். கட்டம் இல்லாதவர் உயிரோடு இருப்பவர்தானே.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு லான்யு பதிப்பகத்தின் மூன்று மாடியும் ஏறினார். மூச்சு வாங்கியது, கோபம் இறங்கவில்லை. ஃபாங்கின் அறையில் புத்தகக் கடைக்காரர்கள் இருவர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன லான்யு அக்கா, விருந்துக்கு இன்னும் நாள் இருக்கே."

"எனக்கு இல்ல சார், ருவானுக்கு வந்திருக்கு. அவருக்கு ரெண்டு வருஷமா பசியே எடுக்கல. நீங்களே சாப்பிடுங்க."

அட்டையைப் படித்த ஃபாங்கின் காது சிவந்தது. அந்தப் பெண் புதுசு, விவரம் தெரியாது என்று இழுத்தார்.

"அவ ஒழுங்காத்தான் படிச்சிருக்கா. நீங்க அச்சடிச்சத அப்படியே நம்பிட்டா, அவ்வளவுதான். செத்த மனுஷனுக்கு உரியது நாலு கோடு. அத மிச்சம் பிடிச்சிட்டு அப்பம் அனுப்புறீங்க."

கடைக்காரர்கள் கோப்பையைக் கீழே வைத்தார்கள். லான்யு பெட்டியை மேசை நடுவில் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

மறுபதிப்பின் மெய்ப்பு குளிர்காலத்தில் வந்தது. ருவானின் பெயரைச் சுற்றிக் கட்டம் இருந்தது. முடியைப் போல மெலிந்த கோடு. கண்ணாடி போட்டுத் தேட வேண்டும். லான்யு சிவப்புப் பேனாவை எடுத்து ஓரத்தில் எழுதினார்: கோடு தடிமனாக வேண்டும். ஒப்புதல் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பினார்.