வெள்ளாற்றுக் கோட்டானும் என் குரலும்

அந்த ஒலிப்பதிவை வெளியே விட்டது நீங்கள்தான். வேறு யாரும் இல்லை. நான் அதை அனுப்பியது உங்கள் ஒருவருக்குத்தான்.

படிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் 'நீங்கள்' என்பது எங்கள் பறவை பார்க்கும் வாட்ஸ்அப் குழுவின் அட்மினை. பெரிய கேமரா வைத்திருக்கிறார். பள்ளிக்கூடங்களில் போய்ப் பேசுகிறார். எல்லோரும் சார் என்பார்கள், நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். நான் அன்னவாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற பொம்பளை. என்னிடம் கேமரா கிடையாது. ஒரு கண்ணில் பூஞ்சை பிடித்த பைனாகுலரும் ஒரு போனும் உண்டு. காலையில் கடை திறப்பதற்கு முன்னால் ஸ்கூட்டியில் தெற்கே வெள்ளாற்றுக்குப் போய்விட்டு வருவேன்.

வெள்ளாறு என்றால் பாதி வருஷம் மணல்தான். ஐப்பசி மழை விழுந்த பிறகு நடுவில் ஒரு ஓடை ஓடும், பள்ளங்களில் தண்ணீர் நிற்கும், ஓரத்தில் சேறு கிடக்கும். வடக்கேயிருந்து வரும் பறவைகள் அப்போதுதான் இறங்கும். உள்ளான்கள் வரும், வாலாட்டிகள் வரும். எதுவும் வராத நாளும் உண்டு.

போன ஐப்பசியில், தீபாவளிக்கு வந்திருந்த என் நாத்தனாரும் ஒரு நாள் கூட வந்தாள். கந்தர்வக்கோட்டையில் கட்டிக் கொடுத்தவள். வாய் ஓயாது.

"ஏன் அண்ணி, வீட்டுல கோழி இருக்கு, காக்கா இருக்கு. அதைப் பாத்தா ஆகாதா?"

"நீ வர்றதா இருந்தா வா. இல்லன்னா படுத்துத் தூங்கு."

"அண்ணன் வெளிநாட்டுல இருக்கிறது நல்லதுதான். இருந்தா இந்தக் கூத்தைப் பாத்து அங்கிட்டே ஓடிப்போயிருக்கும்."

கரையில் சீமைக்கருவேல மரங்களுக்கு நடுவே உட்கார்ந்தோம். எதிர்க்கரையில் சுடுகாடு. எதுவும் எரியவில்லை, ஆனாலும் முந்தின நாள் வாடை இருந்தது. அப்போதுதான் சேற்றில் மூன்று பறவைகளைப் பார்த்தேன். சேவல் அளவு, மண் நிறம். மூக்கு மட்டும் நீளமாக, கருக்கரிவாள் போலக் கீழே வளைந்திருந்தது. புத்தகத்தில் பெரிய கோட்டான் என்று போட்டிருக்கும். நம் ஊரில் கோட்டான் என்றால் ஆந்தை. இது அது இல்லை. இது கடலோரச் சேற்றுப் பறவை. மணமேல்குடிப் பக்கம் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். இவ்வளவு உள்ளே, எங்கள் ஆற்றில், நான் கேள்விப்பட்டதே இல்லை.

படம் எடுக்க முடியாத தூரம். போனில் ரெக்கார்டிங்கைப் போட்டுத் தரையில் வைத்தேன்.

"அண்ணி, எறும்பு கடிக்குது."

"ச்சீ, பேசாத. வருது பாரு."

அடுத்த நொடி கோட்டான் கத்தியது. பறவை கத்துவது போல இல்லை அது. தூரத்தில் யாரோ ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, பதில் வராமல் இன்னும் கொஞ்சம் குரலை உயர்த்திக் கூப்பிடுவது போல இருந்தது. வாயாடி நாத்தனாரே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. அரிய பறவையைப் பார்த்தால் குழுவில் இடம் சொல்லக் கூடாது. படமோ குரலோ அட்மினுக்குத் தனியாக அனுப்ப வேண்டும். அவர் சரிபார்த்து, மாவட்டத்தின் பெயரை மட்டும் போடுவார். பதிவு செய்த குரலைப் பறவைக்குப் போட்டுக் காட்டவும் கூடாது. தன் இனம் கூப்பிடுகிறது என்று நம்பி அது வந்துவிடும் என்பதால் இந்தக் கட்டுப்பாடு. இரண்டையும் எழுதி வைத்தது நீங்கள்தான். நம்பி அனுப்பினேன். "அருமை மேடம். யாரிடமும் சொல்ல வேண்டாம். லொகேஷன் எனக்கு மட்டும் போடுங்கள்" என்று பதில் போட்டீர்கள். போட்டேன்.

நாத்தனார் ஊருக்குப் போய்விட்டாள். நான் தனியாகப் போய்க்கொண்டிருந்தேன். மூன்று கோட்டான்களும் இருந்தன. பிறகு கடையில் வேலை வந்து சில நாட்கள் போகவில்லை. திரும்பப் போனபோது இரண்டுதான் இருந்தன. கடலுக்குப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கார்த்திகையில் ஒரு விடியல். மழை விட்டு ஆற்றின் மேல் பனி படுத்திருந்தது. சேறு தெரியவில்லை, எதிர்க்கரை தெரியவில்லை. கோட்டான் கத்துவது மட்டும் கேட்டது. கேட்டதும் எனக்குச் சந்தோஷம். கொஞ்ச நேரத்தில் அந்தச் சந்தோஷம் போய்விட்டது. குரல் சேற்றிலிருந்து வரவில்லை, கரையில் இருக்கும் கருவேலப் புதரிலிருந்து வந்தது. கோட்டான் வெட்டவெளிப் பறவை. முள்ளுக்குள் போகாது. அதோடு ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி கத்தியது. அதே ஏற்றம், அதே இடத்தில் ஒரு தேய்வு. உயிருள்ளது எதுவும் அப்படிக் கத்தாது.

கிட்டத்தில் போனேன். கத்தலுக்கு முன்னால் வேறொரு சத்தமும் இருந்தது. நின்று கேட்டேன்.

"அண்ணி, எறும்பு கடிக்குது."

என் நாத்தனாரின் குரல். பனிக்குள், புதருக்குள், ஆள் இல்லாத இடத்தில். அவளுக்குப் போன் போட்டேன்.

"எங்கடி இருக்கே?"

"எங்க இருப்பேன்? அடுப்படியில. தோசை ஊத்துறேன். ஏன் அண்ணி, கொரலு ஒரு மாதிரி இருக்கு?"

அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே புதரிலும் அவள் பேசினாள். பின்னாலேயே நான் பேசினேன். "ச்சீ, பேசாத. வருது பாரு." அப்புறம் கோட்டான்.

முள்ளை விலக்கிப் பார்த்தேன். பாலித்தீன் பையில் சுற்றிய ஒரு சின்ன ஸ்பீக்கர் கிளையில் தொங்கியது. அதன் கீழே சேற்றில் வரிசையாக, பறவையின் கால் சிக்குகிற நைலான் நரம்புக் கண்ணிகள். ஒன்றில் இறகு ஒட்டிக்கொண்டிருந்தது. கண்ணிகளுக்கு அந்தப் பக்கம் ஒரு கோட்டான் நின்றது. உயிரோடு. தலையைச் சாய்த்து ஸ்பீக்கரைப் பார்த்து, அது கத்தி முடித்ததும் இதுவும் கத்தியது.

ஸ்பீக்கரை அணைத்தேன். பறவையைத் துரத்திவிட வேண்டும். "போ" என்றேன்.

அது பறக்கவில்லை. என்னை நோக்கி ஓரடி வைத்தது.

"போ, போயிரு" என்று சத்தம் போட்டேன். இன்னும் கிட்டத்தில் வந்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எத்தனை விடியல்களாக அந்தப் பதிவு ஓடியதோ, ஒவ்வொரு முறையும் கத்தலுக்குச் சற்று முன்னால் வருவது என் குரல், அதன் பின்னால் வருவது அதன் இனத்தின் குரல். நான் பேசினால் அதனுடைய சோடி கூப்பிடும் என்று அது பழகியிருக்கிறது. என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. நான் வாயை இறுக மூடிக்கொண்டு, ஒரு குச்சியால் சேற்றை அடித்து அடித்து அதை விரட்டினேன்.

கண்ணிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது பைக்கில் ஒருவன் வந்தான். முப்பது வயது இருக்கும். பயமே இல்லை.

"யக்கா, அதை வையிங்க. நம்ம பொருளு."

"இந்தச் சத்தம் ஒனக்கு எங்க கெடச்சுது?"

"போன்லதான் வந்துச்சு. ஏதோ சார் போட்டதாம். எடமும் சேத்தே வந்துச்சு." என்னை ஒரு நிமிஷம் பார்த்தான். சிரித்துவிட்டான். "அட, உள்ள பேசுறது நீங்கதானா? அந்தப் பேச்சை எப்புடி வெட்டுறதுன்னு தெரியல, அப்புடியே ஓட விட்டுட்டேன். அதுவும் நல்லதுதான் யக்கா. நீங்க கூப்புட்டா நல்லா வருது."

ஸ்பீக்கரைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டான். வனத்துறைக்குப் போன் போட்டேன். வந்தார்கள், கண்ணிகளை எடுத்துக்கொண்டு போனார்கள். ஆள் யார் என்று கேட்டார்கள். எனக்குத் தெரியாது. பதிவு யார் யாரிடம் போயிருக்கிறது என்றார்கள். அதுவும் தெரியாது. தெரிந்தவர் நீங்கள்.

அன்று மத்தியானம் குழுவில் நடந்ததை எழுதினேன். திட்டவில்லை. யாருக்கு அனுப்பினீர்கள் என்று மட்டும் கேட்டேன். "பதிவு செய்தவரே அதற்குப் பொறுப்பு. இடத்தை வெளியிடுபவர்களுக்கு இக்குழுவில் இடமில்லை" என்று எழுதிவிட்டு என்னை நீக்கினீர்கள். அத்தனை பேருக்கும் இப்போது நான்தான் கோட்டானைக் காட்டிக்கொடுத்தவள். கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வந்த உறுப்பினர் ஒருவர் தாளை நீட்டிக்கொண்டே, "ஏங்க இப்புடிப் பண்ணீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். எனக்கு வந்த கெட்ட பெயரை நான் சுமந்துகொள்வேன். பிரச்சினை அது இல்லை.

மூன்றில் மிச்சமான அந்த ஒரு கோட்டான் இன்னும் ஆற்றில் இருக்கிறது. நான் இப்போது கரையில் இருமுவதுகூட இல்லை. ஆனால் ஆற்றுக்கு மாடு மேய்க்க வருகிறவள் பேசுவாள், துவைக்க வருகிறவள் பேசுவாள். மனுஷக் குரல் கேட்டால் அது நடந்து வரும். பதிவு எத்தனை போனில் இருக்கிறதோ, அத்தனை இடத்தில் கண்ணி வைக்கலாம். யாரிடம் இருக்கிறது என்று தெரிந்தால்தான் போய் அழிக்கச் சொல்ல முடியும்.

அதனால் எனக்குத் தனியாகப் போன் போடாதீர்கள். சமாதானம் பேச ஆள் அனுப்பாதீர்கள். என்னை நீக்கிய அதே குழுவில், எல்லோரும் படிக்கும்படி எழுதுங்கள்: அந்தப் பதிவையும் இடத்தையும் யார் யாருக்கு அனுப்பினீர்கள்? பெயரைச் சொல்லுங்கள்.