நாலு மணிக்கு நின்றுபோகும் கமரா

கஜானி சுன்னாகத்துக்கு வேலைக்கு வந்த முதல் நாளே அலுவலகத்துச் சேர்வர் படுத்துவிட்டது. அது ஒரு விவசாயிகள் கூட்டுறவுச் சங்கத்தின் தலைமை அலுவலகம். பதினான்கு கணினிகள், இரண்டு பிரின்டர்கள், சந்தைப் பக்கம் இருந்த களஞ்சியத்தில் இன்னும் மூன்று கணினிகள். அவளுக்கு முன் அந்தக் கதிரையில் இருந்தவர் அவுஸ்திரேலியாவுக்குப் போனபோது கடவுச்சொற்களையும் தன் தலைக்குள்ளேயே வைத்துக்கொண்டு போய்விட்டார். எந்த வயர் எங்கே போகிறது, எதை ஏன் மாற்றினார்கள் என்று ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை. பதினெட்டு நாள் கஜானி மேசைகளுக்குக் கீழே தவழ்ந்து திரிந்தாள். எல்லாம் ஓடத் தொடங்கிய அன்று ஒரு தடித்த சீ.ஆர். கொப்பி வாங்கி, பக்கத்தை நான்காகப் பிரித்துக் கோடு போட்டாள். என்ன நடந்தது, என்ன பார்த்தேன், காரணம், செய்தது.

இது நடந்து பதினொரு வருடங்கள். இப்போது ஆறாவது கொப்பி ஓடுகிறது. அதில் காரணம் என்ற கட்டத்தில்தான் அவள் பிடிவாதமெல்லாம். ஊகத்தை அதில் எழுதமாட்டாள். தெரியாவிட்டால் பென்சிலால் ‘தெரியாது’ என்று எழுதிவைப்பாள். தெரியவந்த பிறகு அழித்துவிட்டுப் பேனையால் எழுதுவாள். ஒரு பிரின்டர் திங்கட்கிழமைகளில் மட்டும் கடதாசியைச் சிக்கவைத்துக்கொண்டிருந்தது. ஏழு திங்கட்கிழமை ‘தெரியாது’ கிடந்தது. எட்டாவது திங்களில், வெள்ளி பின்னேரம் யன்னலடியில் வைத்துவிட்டுப் போகும் கடதாசிக் கட்டு மாரிக் காற்றில் ஈரம் குடிக்கிறது என்று கண்டுபிடித்தாள். கட்டு அலுமாரிக்குள் போனது, சிக்கலும் போனது.

கொப்பியின் பின்பக்கங்களில் வேறு விதமான குறிப்புகள் இருந்தன. பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து அனுப்பும் பொதிகளில் என்னென்னவோ வரும். பெற்றோருக்கு அவற்றை இயக்கவும் தெரியாது, வீசவும் மனம் வராது. கோப்பாயிலிருந்து உரும்பிராய் ஊடாக அவள் ஸ்கூட்டியில் வேலைக்குப் போகிற வழியில், படலையடியில் நின்று மறிப்பார்கள். வாரக்கடைசியில் போய்ப் பார்த்துக் கொடுப்பாள். பார்த்ததைக் கொப்பியில் எழுதுவாள். தானாக வீடு கூட்டும் இயந்திரம்: நிலைப்படி உள்ள வீட்டுக்கு உதவாது, ஒரே அறையைத்தான் நாள் முழுக்கக் கூட்டும். நித்திரையை அளக்கும் கைக்கடிகாரம்: நித்திரை கொண்டேனா என்று காலையில் எழும்பினவனுக்கே தெரியும். சொன்னதைக் கேட்கும் ஒலிபெருக்கி: நாங்கள் ‘ஓம்’ என்றால் அது ‘ஹோம்’ என்று விளங்கிக்கொண்டு முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போகிறது.

ஜெயதீபன் கனடாவிலிருந்து அவளைத் தேடிப் போன் எடுத்தது போன ஆனி மாதம்.

“கஜானி, நான் தீபன். ரியூசனிலை உமக்கு ரெண்டு வருசம் மூத்தவன். ஞாபகம் இருக்கே?”

“இருக்கு அண்ணை. சொல்லுங்கோ.”

“உரும்பிராயிலை அம்மா தனியத்தான் இருக்கிறா. வீட்டிலை ஒரு கமரா பூட்டியிருக்கிறன். அது நிண்டு நிண்டு போகுது. இது மூண்டாவது கமரா. கடைக்காரர் ரெண்டு தரம் வந்து ரூட்டரையும் மாத்திப்போட்டினம். ஒண்டும் சரிவரேல்லை. நீர் ஒருக்காப் போய்ப் பாக்கேலுமே?”

முந்தின வருடம் அவனுடைய அம்மா பத்மாசினி கிணற்றடியில் வழுக்கி விழுந்துவிட்டார். தொடை எலும்பு வெடித்து, பக்கத்து வீட்டு நிரோஜா கண்டு தூக்கும்வரை மூன்று மணித்தியாலம் வெயிலில் கிடந்திருக்கிறார். அன்றைக்கு வேலை அவசரத்தில் அம்மாவுக்கு எடுக்காமல் விட்டிருந்தான் ஜெயதீபன். அதைச் சொல்லும்போது அவன் குரல் கொஞ்சம் இறங்கியது. கஜானி சனிக்கிழமை போவதாகச் சொன்னாள்.

பத்மாசினி முப்பது வருடம் தபாலதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபத்தேழு வயது. ஊன்றுகோலைக் கையில் எடுத்தாலும் அதில் முழுப்பாரத்தையும் போடாமல் நடப்பவர். கஜானி ஏணி வைத்து ஏறி, அலுமாரிக்கு மேலிருந்த கமராவை இறக்கிப் பார்த்தாள். பிளக்கைச் சோதித்தாள். வைபை எந்த மூலையில் எவ்வளவு எடுக்கிறதென்று அளந்தாள். குறையொன்றும் தெரியவில்லை. பிறகுதான் மேற்கு யன்னலைக் கண்டாள். பின்னேர வெயில் நேரே அலுமாரியின் தலையில் விழும். எத்தனை மணிக்கு நிற்கிறதென்று அவள் ஜெயதீபனிடம் கேட்டிருந்தாள். பெரும்பாலும் நாலு மணி என்றிருந்தான். கமரா சூடேறி நின்றுபோகிறது!

அதை நிழலான தட்டில் இறக்கிவைத்தாள். பத்மாசினி கதிரையில் இருந்தபடி எல்லாவற்றையும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இனி நிக்காது அன்ரி.”

“நல்லது பிள்ளை,” என்றார் அவர். அந்த ‘நல்லது’ என்ற சொல்லில் ஏதோ இருந்தது. கஜானி அதைக் கவனிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் பேனையாலேயே எழுதினாள்: காரணம் – சூடு.

திங்கட்கிழமை நாலு மணிக்குக் கமரா நின்றுபோனது.

பேனையால் எழுதின காரணத்தை அவள் வெட்டியது அந்தப் பதினொரு வருடத்தில் அதுதான் முதல் தடவை. வெட்டிய கோட்டைப் பார்க்கப் பார்க்க எரிச்சல் வந்தது. ஜெயதீபனிடம் அனுமதி கேட்டு, அலுவலகத்திலிருந்தே அந்த வீட்டு ரூட்டரின் பதிவுகளைத் திறந்தாள். எந்தச் சாதனம் எப்போது சேர்ந்தது, எப்போது விலகியது என்று வரிவரியாக இருந்தது. ரூட்டர் ஒரு நாளும் நிற்கவில்லை. கமரா மட்டும் திங்கள் முதல் வெள்ளி வரை நாலு மணிக்கு ஐந்து நிமிடம் முன்பின்னாக விலகி, ஐந்து மணியளவில் திரும்பி வந்திருந்தது. சனி, ஞாயிறு ஒரு தடவைகூட விலகவில்லை.

சூடு சனி ஞாயிறு பார்த்து லீவு எடுக்காது. லீவு பார்ப்பது மனிதர்கள்தான்.

புதன்கிழமை நேரத்தோடு வேலையால் கிளம்பி, நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்க உரும்பிராய்க்கு வந்துவிட்டாள். படலை திறந்திருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே எட்டிப் பார்த்தபோது, பத்மாசினி கதிரையால் எழும்பி, சுவர்ப்பக்கம் போய், கமராவின் சுவிச்சை நிறுத்தினார். ஒவ்வொரு நாளும் செய்கிற வேலைபோல, அவசரம் இல்லாமல். திரும்பியவர் கஜானியைக் கண்டார்.

“பாத்திட்டாய் என்ன?”

“ஓம் அன்ரி.”

“சரி, வந்து இரு. இப்ப போன் வரும்.”

நாலு பத்துக்குப் போன் வந்தது. அங்கே காலை ஆறே முக்கால் இருக்கும். ஜெயதீபனின் குரல் பதற்றமாகக் கேட்டது. கமரா திரும்பவும் நின்றுவிட்டது, அம்மா என்ன செய்கிறீர்கள், சுகமாக இருக்கிறீர்களா, கால் நோ எப்படி, மத்தியானம் என்ன சமைத்தீர்கள். பத்மாசினி ஒவ்வொன்றாகப் பதில் சொன்னார். முருங்கைக்காய் விலை ஏறிப்போனதைச் சொன்னார். நிரோஜாவின் பசு கன்று போட்டதைச் சொன்னார். அவன் ஏதோ சொல்ல, வாய்விட்டுச் சிரித்தார். கஜானி அவர் சிரித்து அதற்கு முன் கண்டதில்லை. இருபது நிமிடம் போனது.

போனை வைத்துவிட்டுப் பத்மாசினி சொன்னார்: “கமரா ஓடினால் அவன் எடுக்கமாட்டான், பிள்ளை. எழும்பின உடனை போனிலை பாப்பான். அம்மா கதிரையிலை இருக்கிறா, சரி எண்டு வேலைக்குப் போயிடுவான். அவனுக்குத் தெரியும்தானே, பிறகு என்னத்தைக் கேக்கிறது? சனி ஞாயிறு பிள்ளையளோடை எடுப்பான். அதாலை அப்ப நான் தொடுறேல்லை.”

“கமரா வாறதுக்கு முந்தி?”

“முந்தி ஒவ்வொரு நாளும் எடுத்தவன். எடுக்காத ஒரு நாளிலைதான் நான் விழுந்தது.”

கஜானிக்குத் தன் கொப்பியின் பின்பக்கங்கள் நினைவுக்கு வந்தன. எத்தனை பொருட்களைப் பார்த்து எழுதியிருப்பாள்! பற்றரி எவ்வளவு நேரம் நிற்கிறது, சூடேறுகிறதா, விலைக்குத் தகுமா. ஒரு பொருள் வீட்டுக்குள் வந்த பிறகு அந்த வீட்டில் எது நடக்காமல் போகிறது என்று அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை. சாவகச்சேரியில் இருக்கும் தன் தகப்பனின் நினைவு வந்தது. காலையில் போனைத் திறந்து, அவர் கடைசியாக எத்தனை மணிக்கு வட்சப்பில் இருந்தார் என்று பார்ப்பாள். ஐந்தரை என்றிருந்தால் அப்பா எழும்பிவிட்டார், சுகம். அதோடு அந்த நாள் முடிந்துவிடும். அவருடைய குரலைக் கேட்டு எத்தனை நாளிருக்கும் என்று எண்ணிப் பார்த்து, எண்ணுவதை இடையில் விட்டுவிட்டாள்.

“அவனுக்குச் சொல்லாதை. வயரிலை பிழை எண்டு சொல்லிவிடு,” என்றார் பத்மாசினி.

“அப்பிடிச் சொன்னால் அண்ணை நாலாவது கமரா வாங்குவார் அன்ரி. நீங்களே சொல்லுங்கோவன்.”

“என்னெண்டு சொல்லுறது? ‘தம்பி, என்னோடை கதை’ எண்டே? வாய் வராது எனக்கு.”

“அப்ப நான் சொல்லட்டே?”

பத்மாசினி கோப்பையை அவள் பக்கம் தள்ளினார். “தேத்தண்ணி ஆறுது, குடி,” என்றார்.

அன்று ஆறு மணிக்குக் கஜானி ஜெயதீபனுக்கு எடுத்தாள். கமராவிலும் ரூட்டரிலும் பிழையில்லை, அன்ரிதான் சுவிச்சை நிறுத்துகிறார் என்று நேராகச் சொன்னாள்.

“என்ன கதை கதைக்கிறீர்? மூண்டு மணித்தியாலம் கிடந்தவ. நான் இஞ்சை இருந்துகொண்டு வேறை என்னத்தைச் செய்யிறது?”

“விளங்குது அண்ணை. கமரா வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. நீங்கள் பாக்கக்கூடாது எண்டு அவ நிப்பாட்டேல்லை. பாக்க ஏலாட்டித்தான் நீங்கள் எடுத்துக் கேப்பியள் எண்டு நிப்பாட்டுறா.”

அவன் போனை வைத்துவிட்டான்.

வியாழனும் வெள்ளியும் அவள் ரூட்டர் பதிவுகளைத் திறந்து பார்த்தாள். கமரா ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கருவி பிழையில்லாமல் ஓடுவதைப் பார்த்து அவள் அப்படிக் கவலைப்பட்டது அதுதான் முதல் தடவை. வெள்ளி வேலை முடிந்து போகும்போது உரும்பிராயில் இறங்கினாள். பத்மாசினி கதிரை எடுத்துப்போட்டார், தேத்தண்ணி கொடுக்கவில்லை.

“அவன் எடுக்கேல்லை. ரெண்டு நாள்.”

“நீங்களும் நிப்பாட்டேல்லை என்ன அன்ரி?”

“இனி என்னத்துக்கு நிப்பாட்டுறது? அவனுக்குத்தான் தெரியுமே.” யன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார்: “நீ பொய் சொல்லியிருக்கலாம். சின்னப் பொய்தானே.”

தான் சொன்னது சரியென்றுதான் கஜானி இன்னும் நினைத்தாள். ஆனால் சரியாகச் செய்த வேலை ஒரு வீட்டைச் சத்தமில்லாமல் ஆக்கிவிட்டதே என்று வழிநெடுக அதையே நினைத்துக்கொண்டு போனாள். சனி, ஞாயிறும் அவளுக்கு அப்படியே போயின. கொப்பியில் அந்தக் கட்டம் வெட்டிய கோட்டோடு கிடந்தது. அங்கே என்ன எழுதுவதென்று தெரியாமல் மூடிவைத்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை, அவள் அலுவலகத்தில் ஒரு கணினியைத் திறந்துவைத்துத் தூசு தட்டிக்கொண்டிருக்கையில் பத்மாசினி எடுத்தார்.

“பிள்ளை, சனி ஞாயிறும் எடுக்கேல்லை. நேற்றைக்கு அவன் எடுத்தவன்.”

“கமரா?”

“ஓடிக்கொண்டுதான் இருந்தது. ‘அம்மா, என்ன கறி?’ எண்டு கேட்டான். ‘போனிலை பாத்திருப்பாய்தானே’ எண்டன். ‘கமராவிலை கோப்பை தெரியுது, கறி தெரியேல்லை’ எண்டான்.” அவர் சிரித்தார். பிறகு, அவன் கொஞ்சம் அழுதான் என்றும் சொன்னார். விழுந்த அன்றைக்கு எடுக்காமல் விட்டதை அவன் தாயிடம் வாய்திறந்து சொன்னது அப்போதுதானாம். “அது உன்ரை பிழையில்லை எண்டு நானும் இப்பதான் சொன்னன். ஒரு வருசமாய் ரெண்டு பேரும் சொல்லாமல் இருந்திருக்கிறம்.”

அடுத்த சனிக்கிழமை பத்மாசினி தானே ஒரு வேலை சொன்னார். “என்ரை கதிரையை ஆரும் பாக்கவேண்டாம். கிணத்தடியைப் பாக்கட்டும். விழுந்தது அங்கைதானே.” கஜானி குசினிச் சுவரால் வயர் இழுத்து, பின்கதவுக்கு மேலே, மழை படாமல் ஒரு மூடி போட்டுக் கமராவைப் பூட்டினாள். வேலை முடிய, கையில் தேத்தண்ணி வந்தது.

ஜெயதீபன் ஒவ்வொரு நாளும் எடுப்பதில்லை. கிழமையில் இரண்டு தரம், மூன்று தரம் எடுப்பான். சில கிழமைகளில் மறந்துபோவான். அப்போது பத்மாசினியே எடுத்து, “என்னடா செய்யிறாய்?” என்று கேட்கப் பழகிவிட்டார்.

கஜானியிடம் இப்போதும் ஆட்கள் வந்து எந்தக் கமரா நல்லது என்று கேட்கிறார்கள். அவள் முதலில் ஒரு கேள்வி கேட்பாள்: “ஆரைப் பாக்கிறதுக்கு? அவையைக் கேட்டனீங்களோ?” கோப்பாயில் பிலிப்பு என்பவருக்கு அது பிடிக்கவில்லை. “அம்மாவிட்டை என்னத்தைக் கேக்கிறது? நல்லதுக்குத்தானே செய்யிறம்,” என்று சொல்லிவிட்டு யாழ்ப்பாணம் போய் வேறு கடையில் வாங்கிப் பூட்டினார். அது நன்றாகவே ஓடுகிறதாம்.

அதே கேள்வியோடு திரும்பிப் போன தர்சினி என்ற பெண், இரண்டு கிழமை கழித்து மாமியாரின் பழைய போனைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

“கேட்டனான் அக்கா. கமரா வேண்டாமாம். இதிலை எழுத்தைப் பெரிசாக்கித் தரட்டாம்.”

கஜானி போனை வாங்கி, எழுத்தைப் பெரிதாக்கத் தொடங்கினாள்.