சொல்லிக்கொள்ளாமல் வந்த வீடு

பிரான்சில் நாங்கள் இருக்கும் வீட்டில் தொலைபேசிக்குப் பக்கத்தில் டெலிபோன் கம்பியில் மாட்டிய, டிவி மாதிரி சின்னதாக ஒரு பெட்டி இருக்கிறது. தபால் இலாகா சும்மா கொடுத்தது. மருமகள் அதில் எழுத்தைத் தட்டினால் ரயில் நேரம் கண்ணாடியில் வருகிறது. யாரிடமும் வாய் திறந்து கேட்க வேண்டியதில்லை. கூச்சக்காரியான எனக்கு இது நல்லதுதானே என்று முதலில் நினைத்தேன். ஆனால் கீழ்வீட்டு மதாம் தெனிஸுக்கு வேலை போனது இந்தப் பெட்டியால்தான். அவரும் என் மகன் ரவியும் ஒரே குழாய்க் கம்பெனியில் இருந்தார்கள். கடைக்காரர்கள் போனில் சொல்லும் ஆர்டரைச் சீட்டில் எழுதி உள்ளே அனுப்புவது அவர் வேலை. இப்போது கடைக்காரர்களே தங்களிடமுள்ள இதேபோன்ற பெட்டியில் தட்டிவிடுகிறார்கள். சீட்டு நேராக ரவி நிற்கும் இடத்தில் அச்சாகி விழுகிறது. அதைப் பார்த்துக்கொள்ள ரவியைத்தான் வைத்தார்கள். "நான் ஒண்ணும் கேட்டு வாங்கலம்மா" என்றான். இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்த ஒரே மனுஷி அந்த மதாம். இனி அவர் முகத்தில் எப்படி விழிப்பது?

வேலை போவது எனக்குப் புதிதல்ல. எழுபதுகளில் புதுச்சேரி மில்லில் நூல் சுற்றும் பகுதியில் இருந்தேன். புது மிஷின் வந்து, எட்டுப் பேர் நின்ற இடத்தில் ஒருத்தி போதும் என்றானது. "அதுக்குப் புள்ள பொறக்காதுடி, லீவு கேக்காது. அதான் மொதலாளிக்குப் புடிச்சுப்போச்சு" என்று கூட வேலை பார்த்த அஞ்சலை சிரித்தாள். மறுவாரம் போர்டில் ஒட்டிய தாளில் அவள் பெயரும் என் பெயரும் இருந்தன. அன்று சாயங்காலம் நெல்லித்தோப்பில் எங்கள் வீட்டுக்கு, வேலை போகாமல் தப்பிய பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். சாவு வீட்டுக்கு வருவதுபோல வந்து, தரையில் உட்கார்ந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல், போயிட்டு வரேன் என்று சொல்லாமலே எழுந்து போனார்கள். அவர்கள்மேல் எனக்கிருந்த ஆற்றாமை அதில்தான் அடங்கியது.

ஊரிலிருக்கும் நீங்களாயிருந்தாலும் இதைத்தான் செய்திருப்பீர்கள். நானும் மதாம் வீட்டுக்குப் போனேன். காபி வைத்தார். தொடவில்லை. ஏதேதோ கேட்டார். எனக்குத் தெரிந்த வுய், நோன், அதாவது ஆமாம், இல்லை இரண்டும் அதற்குப் போதவில்லை. அரைமணி நேரம் தலைகுனிந்து உட்கார்ந்திருந்துவிட்டு, எழுந்து திரும்பிப் பார்க்காமல் படியேறி வந்துவிட்டேன். முன்பின் தெரியாதவரிடம்கூட 'ஒ ர்வுவார்', போய் வருகிறேன் என்று சொல்லாமல் கதவைத் தாண்டாத ஊர் இது.

மறுநாள் மதாம் மேலே வந்தார். அவர் பேசியதை ரவி எனக்குச் சொன்னான். "தான் என்ன தப்பு செஞ்சேன்னு கேக்கறாங்கம்மா. காபி குடிக்கல, சொல்லிக்காமயே வந்துட்டியாம்."

"துக்க வீட்ல சொல்லிக்கிட்டு வரமாட்டோம்னு சொல்லுடா."

சொன்னான். மதாம் திருப்பிக் கேட்டதையும் எனக்குச் சொன்னான்.

"யார் செத்துட்டாங்கன்னு கேக்கறாங்க."

ரவிதான் தரையைப் பார்த்தபடி நெடுநேரம் பேசினான். புதுச்சேரியை இவர்கள் சொல்லும் பொந்திஷேரி என்ற ஒரு சொல் மட்டும் எனக்குப் பிடிபட்டது. மதாம் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு ஒ ர்வுவார்கூடச் சொல்லாமல் படியிறங்கிப் போனார். கீழே அவர் கதவு மெல்லத்தான் சாத்தப்பட்டது. அது எங்கள் ஊர் மரியாதையா, இந்த ஊர்க் கோபமா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.