மூன்றாவது பிளக்குக்கு வைத்த சந்தனம்

இந்த நினைவு மலரைப் பிரித்துப் படிக்கும் நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் நாற்காலியும் அக்காவுடையதுதான். கல்யாணமோ காரியமோ, அக்காவின் நாற்காலியில் உட்காராதவர் நம் சொந்தத்தில் ஒருவரும் இல்லை. அவர் நம்மை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. அவருக்குப் பிள்ளைகள் இல்லாததால் தங்கையான நான் எழுதுகிறேன். அழுதுவடிந்து எழுதினால் "ஏண்டி, நான் என்ன அவ்வளவு நல்லவளா?" என்று கேட்பார். அதனால் உள்ளதை உள்ளபடியே எழுதுகிறேன்.

அக்கா பிறந்து வளர்ந்தது மயிலாப்பூர் குளத்தை ஒட்டிய தெருவில். மூத்த பெண் என்பதால் பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. அத்தானைக் கைப்பிடித்து மந்தைவெளிக்குப் போனார். பந்தல், நாற்காலி, சமையல் பாத்திரம் வாடகைக்கு விடுவது அத்தானின் தொழில். அவரிடம் ஒரு பெட்ரோல் பிக்கப் வண்டி இருந்தது. பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் விடியற்காலையில் அக்காவுக்கு அதை ஓட்டப் பழக்கினார். உறவில் பலர் முகம் சுளித்தார்கள். அக்கா அதற்கும் சேர்த்து ஒரு ஹார்ன் அடித்துவிட்டுப் போவார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அத்தான் நெஞ்சுவலியில் திடீரென்று போய்விட்டார். ஓராண்டு காலம் சம்பளத்துக்கு ஓர் ஓட்டுநரை வைத்துத் தொழில் நடந்தது. அவரும் வளைகுடா நாட்டுக்குப் போய்விட, அப்பா வந்து உட்கார்ந்துகொண்டார்.

"வண்டியை வித்துட்டு எங்களோட வந்து இரும்மா. பொம்பளை லோடு அடிச்சிக்கிட்டுத் திரிஞ்சா நாலு பேர் என்ன சொல்வாங்க?"

"அந்த நாலு பேருக்கும் நாந்தாம்ப்பா நாற்காலி போடுறேன்" என்றார் அக்கா.

அப்பா அசையவில்லை. கோடம்பாக்கத்தில் சினிமாக் கம்பெனிகளுக்குச் சாமான் ஏற்றும் ஒருவரிடம் விலை பேசி முடித்து, விஜயதசமி மாலை வண்டியைப் பார்க்க வரச் சொல்லிவிட்டார். அன்று காலையில் பெசன்ட் நகரில் ஒரு நடனப் பள்ளியின் தொடக்க விழாவுக்கு அக்கா நாற்காலி தர ஒப்புக்கொண்டிருந்தார். அதை அவரே ஓட்டிப்போய் நேரத்துக்கு முடித்துவிட்டால் வண்டியும் தொழிலும் அவருக்கு. முடியாவிட்டால் வண்டி கோடம்பாக்கத்துக்கு. இப்படி இருவருக்கும் பேச்சு. முடியாது என்று நினைத்துத்தான் அப்பா சம்மதித்தார்.

முந்திய ஆண்டு துக்கத்தால் வண்டிக்கு ஆயுத பூஜை இல்லை. அதற்கும் சேர்த்து அக்கா பக்தியைக் கொட்டிவிட்டார். பம்பர், ஸ்டீயரிங் எல்லாவற்றிலும் பொட்டு வைத்த பிறகும் மனம் அடங்கவில்லை. "உள்ள உழைக்கிறதுங்களுக்கு ஒண்ணும் வேணாமா?" என்று பானெட்டைத் திறந்தார். இன்ஜினில் பெட்ரோலைப் பற்றவைக்கும் பிளக்குகளின் தலையிலிருந்த, வயர் கோத்த ரப்பர் மூடிகளைக் கழற்றி, ஒவ்வொரு பிளக்குக்கும் பன்னீரில் குழைத்த சந்தனம் வைத்து மூடினார். நாலு சிலிண்டர்களில் மூன்றாவதுதான் அத்தானை அடிக்கடி படுத்திய சண்டி. "இது மனசு வெச்சாத்தான் பொழப்பு" என்று அதற்கு மட்டும் ஒரு கை கூடுதலாகவே அப்பினார்.

மறுநாள் காலை நாற்காலிகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். நானும் கூடப் போனேன். வண்டி ஆரம்பத்திலிருந்தே குலுங்கியது. அடையாறு பாலம் ஏறுவதற்குள் இழுக்க முடியாமல் திணறவே, அக்கா ஓரம் கட்டினார். ஆயுத பூஜை விடுமுறையில் மெக்கானிக் கடை எல்லாம் சாத்திக் கிடந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பின்னால் வந்த ஆட்டோ ஒன்று நின்றது. ஓட்டிவந்த தம்பிதான் குமார்.

"இன்னாக்கா, மிஸ்ஸிங் அடிக்குதா? ஒரு சிலிண்டர் படுத்துக்கினு கீது போல."

"எது படுத்திருக்குன்னு பார்த்துடுவோம். நீ ஆக்சிலேட்டரை லேசா மிதி" என்றார் அக்கா. இன்ஜின் ஓட ஓட, கையில் உலர்ந்த துணியைச் சுற்றிக்கொண்டு முதல் பிளக்கின் வயரைப் பிடுங்கினார். இன்ஜின் இன்னும் தொய்ந்தது. "இது வேலை செய்யுது." திரும்ப மாட்டினார். இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதைப் பிடுங்கியபோது சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. வேலை செய்யாததைப் பிடுங்கினால் என்ன, பிடுங்காவிட்டால் என்ன?

"சனியனே! உனக்குத்தானேடா ஜாஸ்தி வெச்சேன்!" என்று அக்கா போட்ட சத்தத்தில் பேருந்து நிறுத்தத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

குமார் தன் ஆட்டோவிலிருந்து பிளக் ஸ்பேனரைக் கொண்டுவந்து கழற்றினார். பிளக் எரியாத பெட்ரோலில் நனைந்திருந்தது. துடைத்து மாட்டியும் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். அப்போதுதான் அக்கா அந்த ரப்பர் மூடியைத் திருப்பி உள்ளே பார்த்தார். ஈரச் சந்தனம் அடைத்துக்கொண்டிருந்தது.

"கரண்டு பிளக்குக்கே போவல, சந்தனத்துல பூந்து இன்ஜின் பாடிக்குப் போய்க்கினு கீது" என்றார் குமார். "யாருக்கா இந்த வேலை பார்த்தது?"

"யாரோ ஒரு பைத்தியக்காரி" என்று சொல்லிவிட்டு, அக்கா கொண்டையிலிருந்து ஊசியை உருவிச் சுரண்ட ஆரம்பித்தார். நான் நாலு மூடிகளையும் துணியால் துடைத்து வெயிலில் காட்டினேன். குமார் வாயால் ஊதி ஊதி உலர்த்தினார். மறுபடி மாட்டிச் சாவியைத் திருகியதும் நாலும் ஒன்றாகப் பேசின. அந்தச் சத்தத்தைக் கேட்டு அக்கா ஸ்டீயரிங்கில் தலைவைத்து அழுதார். அத்தான் போன பிறகு அவர் அழுது நான் பார்த்தது அப்போதுதான்.

குமார் சவாரியை விட்டுவிட்டுக் கூடவே வந்து நாற்காலி இறக்கினார். விழா நேரத்துக்குத் தொடங்கியது. மாலையில் கோடம்பாக்கத்துக்காரர் எங்கள் வாசலில் காத்திருந்தார். அக்கா வண்டியை ஒரே மூச்சில் தெருவுக்குள் கொண்டுவந்து நிறுத்தினார். அப்பா எழுந்து நின்று, "மன்னிக்கணும் சார், வண்டி விக்கிறதுக்கு இல்ல. எம்பொண்ணு ஓட்டுது" என்றார். அப்பாவின் அந்த ஒரு வாக்கியத்துக்கு நாங்கள் என்றும் கடமைப்பட்டிருக்கிறோம்.

அதன்பின் அக்கா தொழிலை வளர்த்தார். பணமில்லாத வீட்டுக் காரியங்களுக்கு வாடகை வாங்கியதே இல்லை. கடைசியில் ஈரல் நோய் வந்து படுத்தபோதும், "மழை வருது, நாற்காலியை உள்ள போடுங்க" என்பதுதான் கவலை. அவரைத் தாய்போல் கவனித்த மருத்துவருக்கும் செவிலியருக்கும், தினமும் கஞ்சி கொண்டுவந்த மந்தைவெளித் தெருவாருக்கும், துக்கத்தில் தோள் கொடுத்த உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அந்த விஜயதசமிக்குப் பிறகு ஆட்டோவை விட்டுவிட்டு அக்காவிடமே சேர்ந்து, இன்றும் அந்த வண்டியை ஓட்டும் குமாருக்கு நன்றி என்ற சொல் போதாது.

துக்கம் கழிந்து இந்த ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவினோம். சந்தனக் கிண்ணத்தோடு நின்ற எனக்கு என்ன தோன்றியதோ, பானெட்டைத் திறக்கப் போனேன். குமார் என் கையைத் தடுத்தார்.

"பம்பரோட நிறுத்திக்கோ, சின்னக்கா. உள்ள வெச்சா அக்கா திட்டும்."