கிராணியார் மகனுக்கு ஜெபம்

தேவ அழைப்பைக் கேட்டு ஊழியத்துக்குப் படிக்கப் போனவர் என்று பிற்காலத்தில் பல மேடைகளில் என்னை அறிமுகப்படுத்தியிருக்கிறார்கள். நானும் மறுத்ததில்லை. உண்மையில் நான் போனது எங்கள் தோட்டத்துக் கிராணியாரைப் பழிவாங்க.

மலாயாவில் ஜப்பான்காரன் ஆட்சி. தஞ்சோங் ரம்புத்தான் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டம். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பிறகு ஆபீஸ் முழுக்கக் கணக்கெழுதும் கிராணியார் கையில். தோட்டத்துக் கோயிலுக்கும் அவர்தான் மூப்பர். ஈப்போவில் எங்கள் சபை நடத்திய வேதப் பள்ளியில், வெள்ளைக்காரப் பாதிரிகளைச் சிறையில் அடைத்துவிட்டதால், தமிழ்ப் போதகர் ஒருவரே எல்லாப் பாடங்களையும் நடத்திக்கொண்டிருந்தார். மூப்பர் கைகாட்டும் பிள்ளையைத்தான் அவர் சேர்ப்பார். அங்கே படிக்கிறவர்களை, போனவர்களில் பலர் திரும்பாத சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடிக்கமாட்டார்கள் என்று ஒரு பேச்சு இருந்தது.

என் அண்ணனுக்குச் சின்ன வயதிலிருந்தே ஊழியத்தின்மேல் ஆசை. பால் வெட்டும்போது மரங்களுக்கே பிரசங்கம் செய்வான். அந்த வருஷம் அவன்தான் போவதாக இருந்தது. கிராணியார் அந்த இடத்தைத் தன் மகனுக்குக் கொடுத்தார். அதே வாரம் சயாமுக்கு ஆள் கேட்டு ஜப்பான்காரன் வந்தபோது, என் அண்ணனைக் கைகாட்டினார். இரண்டுக்கும் அதே கைதான்.

அம்மா அவர் வீட்டு வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். காலையில் பெரட்டுக்குப் பேர் கொடுக்கப் போகும் வழியில் தினமும் தூற்றினாள். வேதம் வாசிக்கிற மூப்பருக்கு அந்த மண்ணைக் கண்டு பயம். அவள் வாயை அடைக்க அடுத்த முறை என்னைப் பள்ளிக்கு அனுப்பினார். நான் கும்பிட்டு வாங்கிக்கொண்டேன். ஒருநாள் அந்த ஆள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க நான் பீடத்தில் நிற்பேன், அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மனதில் போட்டுவைத்தேன்.

பள்ளி என்றால் கோயிலுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. காலையில் மரவள்ளிக்கு மண் அணைப்போம், பிறகு வேதபாடம், பிறகு அதே மரவள்ளியைத் தின்போம். பிரசங்க வகுப்புக்குப் பால் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நிற்கவேண்டும். எனக்குப் பிடித்ததெல்லாம் சாபம் போடுகிற சங்கீதங்கள். எல்லாம் மனப்பாடம்.

"அன்பப் பத்தி ஒண்ணும் படிக்கலையா தம்பி?" என்று போதகர் கேட்டார்.

"அது இன்னும் வரலைங்க ஐயா" என்றேன்.

கிராணியார் மகன் என் பக்கத்துப் பாயில் படுத்தான். தாப்பாவில் மாமன் வீட்டில் வளர்ந்தவன் என்பதால் தோட்டத்தில் நடந்தது எதுவும் அவனுக்குத் தெரியாது. தன் கிழங்கில் பாதியை எனக்கு எடுத்துவைப்பான். அவன் நல்லவனாக இருந்ததே எனக்கு எரிச்சலாக இருந்தது.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஆராதனையில் சயாமுக்குப் போனவர்களின் வீட்டார் எழுந்து நின்று பெயரைச் சொல்வார்கள். ஜெபம் நடத்துகிறவர் அதைத் திருப்பிச் சொல்ல, சபை ஆமென் சொல்லும். பீடத்திலிருந்து சொல்லப்படாத பெயர் மேலே போய்ச் சேராது என்றே ஜனங்கள் நம்பினார்கள். போதகர் இதில் மட்டும் கறார்.

"எவன் பேரா இருந்தாலும் சொல்லிறணும் தம்பி. ஒண்ண நீ விட்டேன்னு தெரிஞ்சாலும் அன்னைக்கே மூட்டையக் கட்டிக்கிட்டுக் கெளம்பிறணும்."

ஈப்போவில் இலவசமாகப் படம் காட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கிராணியார் மகன் போனான். பாதிப் படத்தில் கதவைச் சாத்தி, உள்ளே இருந்த இளவட்டங்களை எல்லாம் சயாமுக்கு லாரியில் ஏற்றிவிட்டார்கள். தான் வேதப் பள்ளிப் பையன் என்று கத்தினானாம். யார் கேட்டார்கள்?

அடுத்த ஞாயிறு எங்கள் தோட்டத்துக் கோயிலில் ஜெபம் நடத்தப் போதகர் என்னைத்தான் அனுப்பினார். அம்மா எழுந்தாள். அண்ணன் பெயரைச் சொன்னேன். ஆமென். வேறு சிலர் எழுந்தார்கள். ஆமென். கடைசியாக முன்வரிசையில் கிராணியார் எழுந்தார். இரண்டு கையையும் கோத்துக்கொண்டு மகன் பெயரைச் சொன்னார்.

நான் கண்ணை மூடவில்லை. நேராக அவரையே பார்த்தேன்.

"வேற யாராச்சும் இருக்கீங்களா?"

அவர் மறுபடியும் சொன்னார். குரல் உடைந்துபோயிருந்தது.

"யாரும் இல்லைன்னா ஜெபத்த முடிச்சுக்குவோம்" என்றேன்.

பொய் சொல்லமாட்டேன், இனித்தது. கிழங்கு தின்று செத்துப்போன நாக்கில் சர்க்கரை பட்டதுபோல இருந்தது. அதற்குப் பிறகும் நான் போன ஞாயிறெல்லாம் அவர் எழுந்தார், நான் விட்டேன். கிராணியார் போதகரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் படிப்பும் போயிருக்கும், நானும் சயாம் போயிருப்பேன். ஏனோ அவர் சொல்லவில்லை. வீட்டுக்கு ஓர் ஆளைப் பறிகொடுத்த மற்றவர்களும் வாயைத் திறக்கவில்லை.

சண்டை முடிந்தது. கிராணியார் மகன் திரும்பி வந்தான், காலெல்லாம் புண்ணாக, கம்பை ஊன்றிக்கொண்டு. என் அண்ணன் வரவில்லை. ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஒனக்குத்தான் மச்சான் நன்றி சொல்லணும். வாராவாரம் நீ என் பேரச் சொல்லி ஜெபம் பண்ணியாமே. அப்பா சொன்னாருலா."

அவனுக்குப் பின்னால் கிராணியார் நின்றார். அன்று கோயிலில் கோத்த அதே கைகள். வேண்டாம் என்பதுபோல் தலை மெல்ல ஆடியது. என்னிடம் கேட்டுக் கிடைக்காததைக் கிடைத்ததாக மகனிடம் சொல்லிவைத்திருக்கிறார்.

"நான் ஒருதடவகூடச் சொல்லலை" என்றேன். "ஏன்னு ஒங்க அப்பாக்கிட்ட கேளு. நீ வேதப் பள்ளிக்குப் போனது யாரோட எடத்துலன்னும் சேத்துக் கேளு."

அவன் என் கையை விட்டுவிட்டு அப்பாவின் பக்கம் திரும்பினான். கிராணியார் வாயைத் திறப்பதற்குள் நான் சைக்கிளில் ஏறிவிட்டேன். மிதிக்க மிதிக்கச் சிரிப்பு வந்தது.

அம்மா கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவளும் சிரிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் உரித்து முடித்துக் கையைக் கழுவினாள்.

"சரிப்பா" என்றாள். "வார ஞாயித்துக்கெழம அண்ணன் பேர விட்டுறாத."